கைபேசிக்குள் அடங்கும் சைகை

கேள்வி: காது கேளாதோரின் சைகை மொழியைக் கைபேசி மாற்றிவிட்டதா?

பதில்: நன்றாகவே மாற்றியிருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியில் ‘தொலைபேசி’ என்று சொல்ல ஒரு காலத்தில் இரண்டு கைகள் தேவைப்பட்டன: ஒன்று வாயருகே, மற்றது காதருகே. பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் கன்னத்தருகே வைக்கும் சைகை வந்தது. இன்றைய இளைஞர்கள் பலர் தட்டையான கைபேசியைப் பிடிப்பதுபோல் காட்டுகிறார்கள்.

வீடியோ அழைப்பில் ஒரு கை கைபேசியைப் பிடித்திருக்கும். அதனால் இரு கைச் சைகைகள் சில ஒற்றைக் கைக்கு மாறுகின்றன; அகலமான வீச்சும் திரைக்குள் சுருங்குகிறது. மூத்தவர்கள் சிலருக்கு இதில் வருத்தம். ஆனால் தொலைவில் இருப்பவரோடு தாய்மொழியிலேயே முகம் பார்த்துப் பேசக் கிடைத்தது பெரிய விடுதலை.

சைகை மொழியைக் கற்கவும் கைபேசி உதவுகிறது: இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் 10,000 சொல் அகராதி 2022-ல் ‘சைன் லேர்ன்’ செயலியாக வந்தது. காது கேளாத குழந்தை இருக்கும் வீட்டார் அனைவரும் அதன் வழியே சைகை மொழியைப் பழக வேண்டும்.