எஞ்சின் விளக்கு எரிந்தால் எதை மாற்றுவது?

கடனில் வாங்கிய காரின் மாதத் தவணைக்கு நாம் முன்கூட்டியே திட்டமிட்டுவிடுகிறோம். திட்டத்தில் இடம்பெறாத செலவோ, முகப்புப் பலகையில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியும் நாளில் தொடங்குகிறது. பணிமனையில் ஸ்கேனரைப் பொருத்துகின்றனர். ‘பி0171’ என்ற குறியீடு தோன்றுகிறது. “ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும்” என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. அதை ஏற்கும் முன், அக்குறியீடு என்ன கூறுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

2020 ஏப்ரலில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட கார்களிலும், அவற்றுக்கு முந்தைய பலவற்றிலும், ஸ்டியரிங்கின் கீழ்ப்புறம் 16 முனை கொண்ட இணைப்பு ஒன்று உண்டு. ஸ்கேனர் அதன் வழியே குறியீட்டைப் படிக்கிறது. எஞ்சின், கியர்பெட்டி தொடர்பானவை ‘பி’ எனத் தொடங்கும். அடுத்து 0 வந்தால், அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு.

‘பி0171’ என்பதன் பொருள், பெட்ரோலுடன் சேரும் காற்று அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்பதே. அதைக் கண்டு சொன்னது ஆக்சிஜன் சென்சார். தூதனைக் கொல்வது முறையன்று என்று இராவணனுக்கு விபீடணன் கூறிய அறிவுரை இங்கும் பொருந்தும். சென்சாரே பழுதுற்றால் அதற்கெனப் பெரும்பாலும் வேறு குறியீடுகள் உள்ளன.

அவ்வாறாயின் பழுது எங்கே? அதே ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் என்ற அளவும் தெரியும். கலவையைச் சரிசெய்யக் கணினி எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதை அது காட்டும். தொடர்ந்து 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஐயத்துக்குரியது. காற்றளவு சென்சார் உள்ள வண்டியில், ஐட்லிங்கில் இந்த அளவு உயர்ந்திருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இறங்கினால், வெடித்த ரப்பர்க் குழாய் போன்ற ஏதோ ஒரு வழியாகக் காற்று கசிந்து நுழைகிறது எனலாம். மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூட அளவும் ஏறினால், பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ, அழுக்கேறிய காற்றளவு சென்சாரையோ சோதிக்க வேண்டும். குழாய்க் கசிவுக்குச் சென்சார் விலையைக் கொடுப்பானேன்?

‘பி0301’ முதல் சிலிண்டரில் எரிதல் தவறுவதைக் குறிக்கும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள எஞ்சினில், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பொருத்தி ஓட்டினால் போதும். குறியீடு ‘பி0302’ ஆக மாறினால் குற்றவாளி காயிலே. மாறாவிடில் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று தேடலாம். செலவற்ற இச்சோதனையைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

பெரும் செலவு ‘பி0420’இல் காத்திருக்கிறது. புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்ததாக அது கூறும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் அடங்கியதால் அதன் விலை மிகுதி. எனவே, புகைக்குழாயில் கசிவு உண்டா, சிலிண்டரில் எரிதல் தவறுகிறதா என்பனவற்றைப் பார்த்த பின்னரே அதைக் கழற்ற அனுமதிக்க வேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிலை வேறு. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கக்கூடும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிடுதலே முறை.

குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும். பழுது தோன்றிய கணத்தின் வேகம், வெப்பம் முதலிய பதிவுகளும் உடன் அழியும். ஆகவே அழிக்கும் முன் அப்பதிவைப் படமெடுத்தோ அச்சிட்டோ தரும்படி கேட்டுப் பெறுவோம்.