நடுகல்லும் பதக்கமும்

சேலம் நகருக்கு வடபால் வானளாவி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஏற்காடு என்னும் ஊர் அமைந்துள்ளது. ஏரியாலும் காப்பித் தோட்டங்களாலும் குளிர்ந்த காற்றாலும் பெயர் பெற்றது அவ்வூர். வீர வரலாறு ஒன்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியார்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-ஆம் ஆண்டு பணியேற்றவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கில அறிஞர். 1863-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்நாட்டு மாந்தர் வாழ்வின் தொன்மையை உலகிற்கு உணர்த்தியவர் அவரே. முதுமைக் காலத்தில் அவர் ஏற்காட்டில் இல்லம் அமைத்து வாழ்ந்தார். அவருடைய பேரர் ஹென்றி ஃபூட் 1904-ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்தவர். பிரித்தானியத் தரைப்படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த பதக்கத்தைப் பெற்றார். அப்பதக்கத்திற்கு உரியவராக அவரை ஆக்கிய செயல் யாது?

1942-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் லிபியப் பாலைவனத்தில் கசாலாப் போர் கடுமையாக நடைபெற்றது. அதில் டாங்கிப் படைப்பிரிவு ஒன்றிற்கு ஃபூட் தலைமை தாங்கினார். ஒரு நாள் அவர் இருந்த டாங்கி எதிரிகளால் தாக்கப்பட்டது, அவரும் காயமுற்றார். அவர் வேறொரு டாங்கியில் ஏறிப் படையை நடத்தினார். அதுவும் பழுதுபட்டபோது, குண்டுகள் பொழிந்துகொண்டிருந்த வெளியில் கால்நடையாகவே சென்று தம் வீரரை ஊக்கினார். பின்னொரு நாள், படைப்பிரிவு ஒன்று பின்வாங்கித் தப்பும்வரை எதிரியைத் தடுத்து நிறுத்த வேண்டிய நிலை வந்தது. அப்பொழுது தம் டாங்கியை அனைவர்க்கும் முன்னால் நிறுத்தி, வீரர் தம்மைக் காணும்பொருட்டு அதன் மேல்மூடியையும் திறந்தே வைத்திருந்தார். தலைவர் அஞ்சாது நிற்பதைக் கண்ட வீரர் தாமும் நின்றனர்.

விக்டோரியா சிலுவை 1856-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. பகைவர் முன்னிலையில் ஆற்றும் தீரச் செயலுக்கு மட்டுமே அது உரியது. இந்திய வீரர் அதனைப் பெறும் தகுதி 1911-ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டது. ஆயினும், பகைவர் எதிரில் இல்லாதபோதும் உயிரைப் பணயம் வைக்கும் வீரம் உண்டு. அத்தகைய வீரத்தைப் போற்ற 1940-ஆம் ஆண்டு ஜார்ஜ் சிலுவை ஏற்படுத்தப்பட்டது. இப்பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர் ஒரு தமிழர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அவர் காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். பாலம் அமைத்தலும், பாதை திருத்துதலும், மண்ணுள் மறைத்து வைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றுதலும் அப்படையின் பணிகள். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலி நாட்டில், மின்யானோ என்னும் ஊரின் அருகே, அவருடைய குழுவினர் கண்ணிவெடிகளைத் தேடி அகற்றிக்கொண்டிருந்தனர். அப்போது வீரர் ஒருவரின் கால் ஒரு வெடியின்மேல் பட்டுவிட்டது. அவ்வகை வெடி மிதித்தவுடன் சிதறுவதில்லை. ஏறத்தாழ நான்கு நொடி கழித்தே சிதறும். இதனைச் சுப்பிரமணியன் நன்கு அறிந்தவர். அந்நான்கு நொடியில் விலகி ஓடித் தம்மைக் காத்துக்கொள்ள அவர் முயன்றிருக்கலாம். ஆனால் அவர் அவ்வெடியின்மேல் பாய்ந்து, தம் உடலால் அதனை மூடினார். வெடியின் வேகம் முழுவதையும் அவர் உடல் தாங்கிற்று. அவர் உயிர் நீத்தார், தோழர்கள் பிழைத்தனர்.

அன்று அவர் எவரையும் கொல்லவில்லை. எந்தக் கோட்டையையும் கைப்பற்றவில்லை. ஆயினும் அச்செயலினும் உயர்ந்த வீரம் எது? பிறரைக் காக்கும்பொருட்டுத் தன்னை மறத்தலே வீரத்தின் உயிர்நாடி என்பதற்கு அந்நான்கு நொடிகளே சான்று.

இக்கருத்து தமிழர்க்குப் புதியதன்று. சேர்வராயன் மலைக்கு வடக்கே தருமபுரிப் பகுதியிலும், அதற்கப்பால் செங்கம் பகுதியிலும் நடுகற்கள் பலவற்றை இன்றும் காணலாம். ஆநிரையைக் கவர வந்தோரைத் தடுத்தும், ஊரைக் காத்தும், கொடிய விலங்குகளோடு பொருதும் மாண்டவர்க்கு ஊரார் நட்ட கற்கள் அவை. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரை உள்ள முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழி எழுத்துகள் உள்ளன. எனவே இவ்வழக்கம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுத் தொன்மை உடையது எனலாம்.

நடுகல் அரசர்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. மாண்ட வீரனுடன் அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைக் கல்வெட்டு கூறுகின்றது. காத்தவர் யாராயினும் மறவாமல் போற்றுதலே அக்காலத்து ஊராரின் அறமாக இருந்தது. உயிர் நீத்த வீரனின் குடும்பத்தினர்க்கு நிலம் வழங்குவதும் வழக்கம். அந்நிலம் உதிரப்பட்டி எனப்பட்டது. கல் நட்டதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் கருதவில்லை.

விடுதலை பெற்ற இந்தியாவும் இவ்வறத்தைத் தனக்கேற்ற முறையில் போற்றுகின்றது. 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம் என்னும் மூன்று பதக்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. இவை பகைவர் முன்னிலையில் ஆற்றும் வீரச் செயல்களுக்கு உரியவை. பிற சூழல்களில் வெளிப்படும் வீரத்திற்கு உரிய பதக்கங்கள் 1952-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டன. அவை 1967 முதல் அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் என வழங்குகின்றன.

பரம வீர சக்கரம் பொன்னால் ஆனதன்று, வெண்கலத்தால் ஆனது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர். நடுவில் நாட்டின் சின்னமும், அதனைச் சூழ நான்கு வச்சிராயுதங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்து இந்தியப் படை அதிகாரி ஒருவரை மணந்த சாவித்திரி கானோல்கர் என்னும் அம்மையார் அதனை வடிவமைத்தார். உலகைக் காக்கத் ததீசி முனிவர் தம் உயிரை விட்டு எலும்பை ஈந்தார் என்றும், அவ்வெலும்பால் ஆனதே வச்சிராயுதம் என்றும் புராணம் கூறும். ஆதலின் அப்பதக்கத்தின் வடிவமே தியாகத்தின் அடையாளமாக விளங்குகின்றது. 1947 முதல் 1999 வரை நிகழ்ந்த செயல்களுக்காக 21 பேர் அதனைப் பெற்றுள்ளனர். அவர்களுள் 14 பேருக்கு அது உயிர் நீத்த பின்னரே வழங்கப்பட்டது.

அப்பதினால்வருள் ஒருவர் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன். இலங்கை சென்ற இந்திய அமைதி காக்கும் படையில் அவர் பணியாற்றினார். 1987-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் அவருடைய குழு எதிர்பாராத தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் அவர் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டு, இறுதி மூச்சு வரை தம் வீரர்க்கு ஆணைகள் வழங்கினார். பின்னாளில், 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் காஷ்மீரத்தில் பயங்கரவாதிகளோடு பொருது உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்று அப்பதக்கத்தைக் குடியரசுத் தலைவர் கையிலிருந்து பெற்றுக்கொண்டவர் அவருடைய மனைவியார்.

இப்பதக்கங்கள் எவருடைய விருப்பத்தின்படியும் எளிதில் வழங்கப்படுவன அல்ல. வீரச் செயலைப் படைத்தலைவர் எழுத்தில் பதிந்து பரிந்துரைக்க வேண்டும்; கண்டோர் சான்று பகர வேண்டும். மேலதிகாரிகள் பலர் ஆராய்ந்த பின்னரே குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளிப்பார். தகுதியற்றவர்க்கு அளித்தால் தகுதியுடையோர் பெற்ற சிறப்பும் குன்றிவிடும் அன்றோ? ஆதலின் இவ்வாராய்ச்சி இன்றியமையாதது.

எனினும் இதில் ஒரு குறை உண்டு. கண்டோர் அனைவரும் களத்திலேயே மாண்டுபோனால், செயலை எடுத்துரைப்பவர் எவர்? மலைமுகட்டிலும் பனிவெளியிலும் கடலிலும் யாரும் காணாத நிலையில் உயிர் ஈந்தோர் பலர். அவர்கள் பெயர் பதக்கப் பட்டியலில் இடம்பெறாது. பெயர் தெரியாமையால் அவர்தம் வீரம் குறைந்துவிடாது. அவர்களுக்கு நாடு பட்ட கடனும் தீர்ந்துவிடாது.

ஒருவரின் மார்பில் பதக்கத்தைக் காணும்போது, அவரோடு நின்று பதக்கம் பெறாது மறைந்தோரையும் நினைத்தல் வேண்டும். அவர்தம் பெற்றோரையும் மனைவி மக்களையும் வறுமையும் தனிமையும் வாட்டாமல் காத்தல் வேண்டும். அன்று ஊரார் கல் நட்டு, நிலமும் ஈந்தனர். அவர்கள் வழிவந்தோர்க்கும் அக்கடமை உண்டு.