பாஸ் தூண்டில்: கேள்வி-பதில்

கேள்வி: டாலஸ் பக்கத்து ஏரிகளில் பாஸ் பிடிக்க முதல்முறையாகத் தூண்டில் வாங்கப்போகிறேன். போட்டிக்காரர்கள் கையில் இருக்கும் பெயிட்காஸ்டர் ரீலையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பெயிட்காஸ்டரில் வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழல்கிறது. காற்றில் இரையின் வேகம் குறைந்த பிறகும் உருளை பழைய வேகத்தில் சுற்றினால், வெளியே போகாத நரம்பு ரீலுக்குள்ளேயே சிக்கலாகிவிடும். கட்டைவிரலால் அதை அணைத்து அடக்கும் பழக்கம் கைக்கு வரும்வரை பாதிப் பொழுது சிக்கெடுப்பதில் போகும். ஸ்பின்னிங் ரீலில் உருளை அசையாது, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகும். எடையே இல்லாத ரப்பர் புழுவையும் அதில் வீசலாம். ஆறரை அடியிலிருந்து ஏழடிக்குள், ‘மீடியம்’ வலுவும் ‘ஃபாஸ்ட்’ வளைவும் உள்ள கழி ஒன்று, 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று போதும். மிச்சப் பணம் நரம்புக்கும் முள்ளுக்கும் போகட்டும்.

கேள்வி: கடையில் ரப்பர் புழு மட்டும் நூறு நிறத்தில் தொங்குகிறது. எதை எடுப்பது?

பதில்: தெளிந்த நீருக்குப் பழுப்பு கலந்த பச்சை. கலங்கிய நீருக்குக் கறுப்பும் நீலமும். மற்ற நிறங்களைக் கடையிலேயே தொங்கவிடலாம்.

கேள்வி: பத்து பவுண்டு நரம்பு போட்டிருந்தேன். நாலு பவுண்டுகூடத் தேறாத மீன், கரைக்கு அருகில் வந்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. நரம்பு போலியா? கம்பெனியை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியது கம்பெனியை அல்ல. இந்தப் புகார் எங்கும் இதே வடிவில்தான் வரும், காரணமும் அநேகமாக ஒன்றேதான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பத்து பவுண்டு, முடிச்சும் கீறலும் இல்லாத நரம்புக்கு உரியது. முடிச்சு விழுந்ததும் அந்த வலு குறைகிறது. மோசமான முடிச்சில் பாதியாகக்கூடக் குறையும். மீனைத் தொலைத்தவர் முதலில் பார்க்க வேண்டியது கையில் மிஞ்சிய நுனியை. அது பன்றிவால்போல் சுருண்டிருந்தால் நரம்பு அறவில்லை, முடிச்சு வழுக்கிக் கழன்றிருக்கிறது. நுனி சொரசொரப்பாகப் பிய்ந்திருந்தால் கல்லிலோ கட்டையிலோ தேய்ந்து பலவீனமான இடத்தில் அறுந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நரம்புக் கம்பெனி பொறுப்பாகாது.

தொடங்குபவருக்கு ஒரே ஒரு முடிச்சு தெரிந்தால் போதும், அது பாலமார். நரம்பை ஆறு அங்குலம் இரட்டையாக மடித்து, மடிப்பை முள்ளின் காதில் நுழைக்க வேண்டும். அந்த இரட்டை நரம்பால் சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போட வேண்டும். பிறகு மடிப்பை விரித்து, முள் முழுவதையும் அதன் வழியாக விட்டு, இரண்டு நரம்பையும் சேர்த்து இழுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைப்பது கட்டாயம். உலர்ந்த நரம்பு உராயும்போது எழும் சூடு நைலானையும் ஃப்ளூரோகார்பனையும் அந்த இடத்திலேயே நலிவடையச் செய்கிறது. நனைக்காமல் இறுக்கிய முடிச்சு பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும், பெரிய மீன் ஏறும் நாளில்தான் அதன் குறை தெரியும். நரம்பு ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்திருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போட வேண்டும். அரை நிமிட வேலை. இதில் சோம்பல்படுபவர்தான் பதினைந்து டாலர் இரையை ஏரியின் அடியில் விட்டுவிட்டு வருகிறார்.

அடுத்தது கடைசி மூன்றடி. பாஸின் பல் அரம்போல் சொரசொரப்பானது, அது நரம்பைக் கடித்து அறுக்காது, தேய்க்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், கட்டையில் மாட்டி மீண்ட ஒவ்வொரு முறையும், இரைக்கு மேலுள்ள மூன்றடி நரம்பை இரண்டு விரல்களுக்கு இடையே உருவிப் பார்க்க வேண்டும். நெருடினால் அந்த மூன்றடியை வெட்டி எறிந்துவிட்டுப் புது முடிச்சு. நைலான் விலை மலிவு, ஆனால் வெயிலில் கெட்டுப்போகும், நன்றாக நீளும். கார் டிக்கியில் ஒரு டெக்சஸ் கோடையைக் கழித்த நைலானை நம்பக்கூடாது. ஃப்ளூரோகார்பன் மூழ்கும், நீருக்குள் அதிகம் தெரியாது, தேய்மானத்தைத் தாங்கும். பிரெய்டு நீளவே நீளாது. முப்பது பவுண்டு பிரெய்டு எட்டு பவுண்டு நைலான் அளவுக்குத்தான் பருமன் இருக்கும். ஆனால் அதை உருளையில் நேரடியாகச் சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கும், அதனால் அடியில் கொஞ்சம் நைலான் வேண்டும். முதல் வருடத்துக்கு எட்டு அல்லது பத்து பவுண்டு நைலானே போதும், வருடா வருடம் மாற்றினால்.

கேள்வி: ஸ்பின்னிங் ரீலில் நரம்பு முறுக்கேறிச் சுருள் சுருளாக வெளியே வருகிறது.

பதில்: மீன் இழுத்து டிராக் ‘கிர்’ரென்று நரம்பை விடும்போது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் வருகிறது. மீன் ஓடும்போது சுற்றக்கூடாது. வீசி முடித்ததும் கம்பி வளையத்தைக் கையால் மூட வேண்டும். டிராக், நரம்பின் வலுவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரி: பத்து பவுண்டு நரம்புக்கு இரண்டரை, மூன்று பவுண்டு. கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: ரப்பர் புழுவை வீசி வீசி இழுக்கிறேன், ஒன்றும் சீண்டவில்லை. பக்கத்தில் இருப்பவர் அதே புழுவில் பிடிக்கிறார்.

பதில்: பக்கத்தில் இருப்பவர் இழுக்காமல் இருக்கிறார். ரப்பர் புழு பழைய சரக்கு. நிக் கிரீம் 1949-ல் ஒஹையோவின் அக்ரானில் அதை உருவாக்கினார், அவருடைய கம்பெனி பின்னர் டெக்சஸின் டைலருக்கு இடம்பெயர்ந்தது. இன்று அதிகம் விற்கும் வகை கேரி யமமோட்டோவின் சென்கோவும் அதைப் பார்த்துச் செய்த மற்றவையும். கையில் பார்த்தால் ஐந்து அங்குலக் குச்சி, கண்ணும் கிடையாது, வாலும் கிடையாது. ரப்பரில் உப்புக் கலந்திருப்பதால் ஈயம் இல்லாமலே மூழ்கும். முள்ளை நட்டநடுவில் குறுக்காகக் குத்தி நீரில் விட்டால், இரண்டு முனைகளும் மெல்ல நடுங்கியபடி இறங்கும். பாஸ் கவ்வுவது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான். இறங்கி முடிப்பதற்குள் சுற்றி இழுப்பவர் மீனின் வாயிலிருந்தே இரையைப் பிடுங்குகிறார்.

கை கழியில் இருந்தாலும் கண் இருக்க வேண்டிய இடம் நரம்பு நீரைத் தொடும் புள்ளி. அங்கே நரம்பு சட்டென்று துள்ளும், அல்லது பக்கவாட்டில் நகரும், அல்லது பத்தடி ஆழத்தில் நாலடியிலேயே இறங்குவதை நிறுத்திக்கொள்ளும். கையில் ‘டக்’கென்று உணர்வு வரட்டும் என்று காத்திருந்தால் மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும். தளர்ந்த நரம்பைச் சுற்றியெடுத்துவிட்டுக் கழியை நிதானமாக மேலே தூக்கினால் முள் ஏறும். ஒன்றும் நடக்காவிட்டால் கழி முனையை ஓரடி உயர்த்தி மறுபடி மூழ்க விடலாம். பாசி அடர்ந்த இடத்தில் இதே புழுவை 3/0 ஆஃப்செட் முள்ளில், முள்ளின் கூர் புழுவின் உடலுக்குள் மறையும்படி மாட்டி, முன்னால் கால் அவுன்சுக்குள் ஒரு தோட்டா ஈயம் கோத்தால் அதுதான் டெக்சஸ் ரிக். அப்போது மட்டும் தூக்குவதில் வேகம் வேண்டும். முள் முதலில் ரப்பரைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும்.

கேள்வி: மூன்று கவட்டு முள் உள்ள கிராங்க்பெயிட்டில் கடித்ததும் பலமாகச் சுண்டுகிறேன். மீன் கழன்றுவிடுகிறது.

பதில்: சுண்டவே கூடாது. ஓடும் இரையைக் கவ்வும் மீன் தானே மாட்டிக்கொள்ளும், சுற்றிக்கொண்டே போனால் போதும். முள் கூராக இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால் மொட்டை.

கேள்வி: படகு இல்லை. கரையிலிருந்து ஏரி நடுவுக்கு எட்டுமாறு வீசுவது எப்படி?

பதில்: எதற்கு? படகில் இருப்பவர்கள் நாளெல்லாம் கரையைப் பார்த்து வீசுகிறார்கள், கரையில் இருப்பவர்கள் நடுவைப் பார்த்து வீசுகிறார்கள். பாஸ் துரத்தி வேட்டையாடுவதைவிட ஒளிந்திருந்து தாக்கும் மீன். அதற்கு மறைவு வேண்டும்: விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் நிழல், பாசித் திட்டின் ஓரம், அணைக்கரைக் கற்கள். டெக்சஸ் ஏரிகள் அநேகமாக எல்லாமே ஆற்றை மறித்துக் கட்டியவை என்பதால் மூழ்கிய மரங்களுக்குக் குறைவில்லை. லேக் ஃபோர்க்கில் பட்ட மரங்கள் இன்றும் நீருக்கு மேல் நிற்பதைப் பார்க்கலாம். தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்று, கரைக்கு இணையாக வீச வேண்டும். தடதடவென்று விளிம்புக்கு ஓடி வந்தால், காலடியில் இருக்கும் மீன்தான் முதலில் போகும்.

கேள்வி: ஏப்ரலில் ஆழமற்ற நீரில் பாஸ் ஒரே இடத்தில் நிற்கிறது. கண்ணெதிரே இரையைப் போட்டாலும் தின்பதில்லை.

பதில்: பசிக்காக நிற்கவில்லை, காவலுக்கு நிற்கிறது. நீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஆண் பாஸ் வாலால் தரையைத் துடைத்துக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டு விலகிய பிறகு முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண்தான். அதைச் சீண்டிப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவரும் நேரத்தில் புளூகில் மீன்கள் கூட்டமாக வந்து முட்டையைத் தின்றுவிடும். சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் விட்டுவிடுவதே மரியாதை.

கேள்வி: பிடித்த பாஸைக் குழம்பு வைக்கலாமா? எல்லோரும் திரும்ப விடச்சொல்கிறார்கள்.

பதில்: வைக்கலாம். 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் உலக சாதனை. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தார், முறியடிக்கவில்லை. பெர்ரியின் குடும்பம் அந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டது. ஆனால் சட்டியில் போட உகந்தது சிறியதுதான். பெரிய பாஸ் பல வருட வயதுடையது, பாதரசமும் அதன் சதையில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். டெக்சஸில் பொதுவிதி நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றும் 14 அங்குலத்துக்குக் குறையாமல். ஏரிக்கு ஏரி விதி மாறும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளவற்றை விட்டே ஆக வேண்டும்.

விடுவதானால் உயிரோடு நீந்திப்போகும்படி விட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பிடித்து, மீனைச் செங்குத்தாகத் தூக்க வேண்டும். கனமான மீனுக்கு மறுகையால் வயிற்றைத் தாங்க வேண்டும். படத்துக்காகத் தாடையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால் முழு எடையும் தாடையில் விழுந்து அது கெட்டுவிடும். சூடான சிமெண்ட் தரையில் துள்ளவிட்டுப் படம் எடுப்பவர்கள் குழம்பே வைத்துக்கொள்ளலாம். ஒழுங்காகக் கையாண்டால் பாஸ் பிழைக்கும்: 1986-ல் லேக் ஃபோர்க்கில் பிடிபட்ட 17.67 பவுண்டு மீன் ஒன்று, அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மிசூரியில் ஒரு கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்தது.

கேள்வி: உரிமம் இல்லாமல் பிடித்தால் என்ன ஆகும்? மகனுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கும் வேண்டுமா?

பதில்: அபராதம் ஆகும். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு உரிமம் தேவையில்லை, அப்பாவுக்குத் தேவை. மாநிலப் பூங்காக்களுக்குள் பிடிப்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை. மாநிலம் முழுதும் இலவசமாகப் பிடிக்கும் நாள் ஜூன் முதல் சனிக்கிழமை. வழக்கமான வருட உரிமம் எப்போது வாங்கியிருந்தாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும்.