எங்கிருந்து வந்தது? – புழுவுக்கு எதிரி, எதிரிக்குச் சோறு

என் கடல்நீர்த் தொட்டியில் பவளத்தின் மேல் துருநிறத் தட்டைப்புழு மொய்க்கிறது. மருந்து ஊற்றாமல், புழுவைத் தின்னும் உயிரையே விடலாம் என்கிறார்கள். இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?
– பவளப்பித்தன், கொளத்தூர்

பவளத்தை எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கல்பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தக் கேள்வியை வனத்துறை கேட்கும்.

யோசனையைப் பொறுத்தவரை என் ஓட்டு லண்டன் ரசாயனர் ராபர்ட் வாரிங்டனுக்கு. 1849-இல் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீனையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டுப் பார்த்தார். செடியால் மீன் மூச்சுவிட்டது. ஆனால் உதிர்ந்த இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து போட்டார். அழுகலை நத்தை தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, அடுத்த வருஷம் வாரிங்டன் அதைக் கட்டுரையாக்கினார். தொல்லைக்கு ஒரு வாயைத் தேடிப் பிடித்துப் போடும் தொட்டிக்காரர் வழக்கம் அங்கேதான் பிறந்தது. மறுப்பவர்கள் எழுதலாம், தபால்தலை அவர்கள் செலவு.

நடுவில் ஒரு நூறு வருஷத்தைத் தாண்டிவிடுவோம், சுவாரசியமில்லை. 1961-இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையை அடுக்கி, காற்றுக்குமிழி விட்டுப் பவளத் தொட்டி வைக்கும் முறையை எழுதினார். பாறை வந்தால் பாறையில் குடியிருப்பவர்களும் வருவார்கள் அல்லவா? உங்கள் புழுவின் தாத்தா அப்படி வந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். உங்கள் தட்டைப்புழு தட்டைப்புழுவே அல்ல. தொட்டிகளில் பெருகும் துருநிற ஆசாமி பெரும்பாலும் கன்வலூட்ரிலோபா. வாய் உண்டு, குடலென்று ஒரு குழாய் கிடையாது. தட்டையாக இருந்ததால் நெடுநாள் தட்டைப்புழுக் கூட்டத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். 1999-இல் பார்சிலோனா ஆய்வாளர்களும் சகாக்களும் மரபணுவைப் பார்த்து, இது வேறு வம்சம் என்று எழுப்பிவிட்டார்கள். 1988-இல் பெயர் வாங்கிய ரெட்ரோஜெம்மா என்ற இனம் இன்னும் விசித்திரம். தாயின் பின்முனையில் குட்டி மொட்டுவிடும். குட்டியின் தலை தாயின் தலைக்கு நேர் எதிர்த் திசையைப் பார்த்திருக்கும். தாய் கிழக்கே போக, மகள் மேற்கே போக, நடுவில் பிய்ந்து இரண்டாகிவிடும். வெட்டிப்போட்டால் ஒழியுமென்று பிளேடைக் கையில் எடுக்காதீர்கள். நீங்கள் பிரசவம் பார்த்ததாக ஆகும்.

இதற்கென்றே ஒரு எதிரி உண்டு: கெலிடோனூரா வேரியன்ஸ். ஓடு தெரியாத கடல்நத்தை, சுண்டுவிரல் அளவு, கறுப்பு வெல்வெட்டில் மின்னும் நீலக்கோடு. வாயின் இரு பக்கமும் குட்டை மயிர்கள். அவற்றால் தடவித் தடவிப் புழு போன தடத்தைக் கண்டுபிடிக்கும். மற்ற நத்தைகளுக்கு இருக்கும் அரநாக்கு இதற்கு இல்லை. புழுவை முழுதாக உறிஞ்சி விழுங்கிவிடும். குறை ஒன்றே ஒன்று: இதற்கு வேறு எதுவும் இறங்காது. தொட்டி சுத்தமானதும் பட்டினி கிடந்து செத்துப்போகும், அதற்கு முன் பம்ப் இழுத்துக்கொள்ளாமல் இருந்தால். ஊர்ப் பொது அண்டா கல்யாணத்துக்குக் கல்யாணம் கைமாறுகிற மாதிரி, வேலை முடிந்ததும் புழுவுள்ள அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதே மரியாதை.

சப்பாத்திக்கள்ளி இல்லாமல் நான் பதிலை முடித்ததில்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சியை வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு ஆசை. மதராஸ் சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. வந்தது தப்பான பூச்சி! சாயம் சுமார்; கள்ளியைத் தின்பதில் மட்டும் சூரன். அந்தக் குணத்துக்காகவே 1836 வாக்கில் அதைத் தென்னிந்தியக் கள்ளிக்காட்டில் விட்டார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவி உலகம் முதலில் ஜெயித்தது இங்கேதான். பாடப்புத்தகத்தில் சைதாப்பேட்டைக்கு ஒரு வரி கொடுத்தால் என்ன?

நத்தைக்கு எங்கே போக? கடையில் ஆறுவரி மீனும் மாண்டரின் மீனும்தான் இருக்கிறது. தின்னுமா?
– அதே பவளப்பித்தன்

ஆறுவரி ராஸ் தின்னலாம். ஒரு மீன் வெளுத்துக் கட்டும், பக்கத்திலிருக்கும் இன்னொன்று புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது அதன் நாக்கு. கண் மட்டும் சந்தேகமில்லாமல் முதல்தரம். விழிப்படலம் இரட்டைப் பாவையாகப் பிரிந்து பூதக்கண்ணாடி போல வேலை செய்வதால், பாறையில் ஒட்டிய துளி உயிரையும் பொறுக்கிவிடும். புழு தீர்ந்ததும் அதே கவனத்தோடு பக்கத்து மீனின் வாலைப் பார்க்கும். சாது மீன் வைத்திருப்பவர் யோசித்து வாங்கவும்.

மாண்டரினைப் புழுவுக்காக வாங்காதீர்கள். அதற்கு வேண்டியது பொடி இறாலினம். சின்னத் தொட்டியில் அது தீர்ந்ததும் மீன் இளைத்துவிடும். பெரும்பாலான மீன்களின் நீலம் வெளிச்சம் செய்யும் ஜாலம். இதன் நீலம் நிஜமான நிறமி. 1995-இல் ஜப்பானியர் கண்டுபிடித்தார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அக்ரோபோரா பவளத்தில் வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்பு. அதுவும் இந்தப் புழுதானா?
– கடலரசி, கோவை

இல்லை அம்மா, அது அசல் தட்டைப்புழு. பவளச் சதையையே தின்று பவள நிறத்திலேயே படுத்திருப்பதால் கண்ணுக்கு அகப்படாது. தழும்பைப் பார்த்துத்தான் தெரியும். தொட்டிக்காரர்களை அழவைத்துப் புகழ்பெற்றபின் 2011-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. கிரேட் பேரியர் ரீஃபில், அதன் சொந்தக் கடலில், 2012-இல்தான் இருப்பதாக எழுதினார்கள். நீல நத்தை இதைச் சீந்தாது. ஆஸ்திரேலியாவில் ஆறுவரி ராஸையும் ஒரு பெப்பர்மின்ட் இறாலையும் வைத்துச் சோதித்தார்கள். இரண்டும் புழுவைத் தின்றன. இறால் முட்டையையும் விட்டுவைக்கவில்லை. என் பந்தயம் இறால்மேல். வெறும் எலும்பாய் நிற்கும் பவளக் கிளையின் அடியில் முட்டைக் கொத்து தெரிந்தால், இறாலுக்குக் காத்திராமல் நீங்களே சுரண்டி எடுங்கள்.

எங்கள் தோட்டத்தில் ஆப்பிரிக்க நத்தை. அதற்கும் ஏதாவது எதிரி சொல்லுங்களேன்?
– தோட்டக்காரன், நாகர்கோவில்

தொட்டிக்கு நத்தை சொன்னேன், நீங்கள் நத்தைக்குக் கேட்கிறீர்கள். இருக்கிறது, அதுவும் ஒரு தட்டைப்புழு! நியூகினிக்காரன், பிளாட்டிடெமஸ் என்று பெயர். ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க 1980-களில் மாலத்தீவு வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். பசிபிக் தீவுகளில் அது உள்ளூர் நத்தைகளையும் சேர்த்து வழித்துத் தின்றது. தயவுசெய்து தேடி வாங்காதீர்கள். ராத்திரி டார்ச், கையுறை, உப்புத்தண்ணி வாளி போதும்.

தொட்டியை வாஸ்துப்படி வடகிழக்கில் வைத்தால் புழு வராது என்கிறார் என் மாமனார்.
– மாப்பிள்ளை, மதுரை

துருநிறப் புழுவின் உடம்புக்குள் பாசி குடியிருக்கிறது. புழுவுக்குத் தெரிந்த திசை வெளிச்சம் ஒன்றுதான். ஆகவே மாமனார் சொன்னபடி வடகிழக்கிலேயே லைட்டைப் போடுங்கள். புழுவெல்லாம் அங்கே கூடியதும் மெல்லிய ட்யூபால் உறிஞ்சி எடுங்கள். மருந்து ஊற்றுவதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யவேண்டும். புழு மொத்தமாகச் செத்தால் அதன் விஷம் மீனையும் கொன்றுவிடும்; கரித்தூள் வடிகட்டியைத் தயாராக வையுங்கள். பாதிக்கு மேல் உறிஞ்சி எடுத்துவிட்டால் வாஸ்து பலித்ததென்று மாமனாரிடம் சொல்லிவிடலாம்.