மேற்கோள் காட்டும் முன்…

விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதரை ஒதுக்குவது நன்னிலம் பக்கத்து வழக்கம். ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் கட்டுரைகளையும் அப்படிப் பதர் நீக்கியே எடுக்க வேண்டும்.

1. போனில் சேமித்த பிடிஎஃப்பை நம்பாதீர்கள். டிஓஐ எண்ணைத் தட்டி இதழின் பக்கத்தையே பாருங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்ட அறிவிப்பு அங்கேதான் வரும். பழைய கோப்புக்கு வந்து சேராது. 2020 மே 22 அன்று 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை, ஜூன் 4ஆம் தேதியே திரும்பப் பெறப்பட்டது. இடையில் இறக்கி வைத்தவர்களின் கோப்பில் அது இன்னும் நல்ல கட்டுரைதான்!

2. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தரவுத்தளத்தில் தலைப்பைத் தேடுங்கள். இலவசம். மேற்கோள்களைச் சேமிக்கும் ஸோட்டெரோ மென்பொருள் வைத்திருந்தால் அதுவே எச்சரிக்கும்.

3. உங்கள் கட்டுரையிலேயே பிழை தெரிந்தால் வழிகாட்டியிடம் சொல்லி, இதழாசிரியருக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். அட்டவணையில் ஓர் எண் தவறு என்றால் திருத்தம் போதும். முடிவே நிற்காது என்றால் திரும்பப் பெறத்தான் வேண்டும். பயப்படாதீர்கள். ஆய்வுப் பதிவைச் சரிசெய்யவே இந்த ஏற்பாடு, ஆளைத் தண்டிக்க அல்ல என்பதே ஆய்விதழ்களுக்கு வெளியீட்டு நெறி வகுக்கும் 'கோப்' அமைப்பின் நெறியும்.

4. இதழின் பரிசீலனையில் இருக்கும் கட்டுரையை விலக்கிக்கொள்ள, இணையாசிரியர்கள் எல்லோரின் சம்மதத்தோடும் காரணத்தோடும் மின்னஞ்சல் அனுப்புங்கள். விலக்கியாயிற்று என்று எழுத்தில் பதில் வரும்வரை வேறு இதழுக்கு அனுப்பாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழில் இருப்பதே குற்றம். விலக்கப் பணம் கேட்டால் வழிகாட்டியிடம் காட்டுங்கள்: போலி இதழ்கள் பல இப்படித்தான் மடக்குகின்றன.