கையடக்கக் கருவியில் இரட்டைப் பத்தி இதழ்கள்

திருவண்ணாமலையின் சுமார் 14 கி.மீ. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை கோவிலருகே சற்று உட்காருபவர் பையில் கிண்டில் இருக்கலாம். மின்மைத் திரை என்பதால் வெயிலிலும் எழுத்து தெளிவு. ஆனால் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இறக்கிய பழைய இதழில் பக்கத்துக்கு இரண்டு பத்தி இருந்தால் கண் திணறும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., 6 அங்குலத் திரைக்கோ சுமார் 9 செ.மீ.தான். எழுத்து பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். ‘கி’யா ‘கீ’யா என்றே தெரியாது.

1. திரையைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். அகலம் கூடும்; அவசரத்துக்கு இதுவே போதும்.

2. பக்க ஓரங்களை வெட்டுங்கள். வெற்றிடம் போனால் எழுத்து பெரிதாகும்.

3. கிளம்புமுன் வீட்டுக் கணினியில் ‘கே2பிடிஎஃப்ஆப்ட்’ என்ற இலவச மென்பொருளில் கோப்பை ஓட்டுங்கள். இடப்பத்தியை முதலிலும் வலப்பத்தியை அடுத்தும் தனித்தனிப் பக்கங்களாக அடுக்கித் தரும். எழுத்தைப் படமாகவே வெட்டுவதால் தமிழ் சிதையாது. எல்லாவற்றிலும் சிறந்த வழி இதுதான். நான்கு பத்திச் செய்தித்தாள் என்றால் பத்தி எண்ணிக்கையை 4 என மாற்றுங்கள். இயல்பாக அது இரண்டைத்தான் தேடும்.

4. பிடிஎஃபை வெறும் உரையாக மாற்றாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு என்றால் குப்பையாக வரும்.

5. மாற்றிய கோப்பில் விளம்பரமும் பெட்டிச் செய்தியும் உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். பத்தி வரிசை பிசகுவது அங்கேதான்.

6. மூலக் கோப்பையும் வைத்திருங்கள். அட்டவணை, வரைபடம் வெட்டுப்பட்டால் முழுப் பக்கம் தேவைப்படும்.