லிஸ்டில் பேர் இல்லையா? கடைசி நேரப் பெயர்ச் சேர்ப்பும் டெண்டர் ஓட்டும்: முழுமையான வழிகாட்டி

தேர்தல் தேதி அறிவித்ததும் எருமப்பட்டி டீக்கடைகளில் யாருக்கு சீட், யாருக்கு வெற்றி என்று பேச்சு சூடு பிடிக்கும். நம் பேர் லிஸ்டில் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் பலருக்கு பூத் வாசலில் நிற்கும்போதுதான் வரும். அப்போது வந்தால் பயனில்லை. ஓட்டு நாளில் பேர் சேர்க்க நம் சட்டத்தில் வழியே கிடையாது. ‘டெண்டர் ஓட்டு இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது பேர் இல்லாதவருக்கானது அல்ல. எதற்கு எது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கார்டைப் பார்க்காதீர்கள், லிஸ்டைப் பாருங்கள்

வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் ஓட்டுரிமையைத் தருவது பட்டியலில் இருக்கும் பெயர்தான். அட்டை அடையாளத்துக்கு மட்டுமே. பத்து தேர்தலில் ஓட்டுப் போட்ட பெரியவரின் பேரும் ஒரு திருத்தத்தில் விடுபடலாம். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முன் தமிழ்நாட்டில் 6.41 கோடி வாக்காளர்கள் இருந்தார்கள். அந்த டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், வீட்டில் இல்லாதவர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆகவே ‘போன தடவை போட்டேனே’ என்பது சான்றாகாது.

பார்ப்பதற்கு மூன்று வழிகள்:

• தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளம் அல்லது இசிஐநெட் செயலியில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடலாம். மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் அது.
• 1950 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.
• உங்கள் பூத்தின் பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் பட்டியலையே காட்டச் சொல்லலாம்.

எருமப்பட்டி பேரூராட்சி சேந்தமங்கலம் (தனி–பழங்குடியினர்) சட்டமன்றத் தொகுதியிலும் நாமக்கல் மக்களவைத் தொகுதியிலும் வருகிறது. பக்கத்து ஊர் வேறு தொகுதியில் இருக்கலாம். தேடும்போது தொகுதியை மாற்றிப் போட்டுவிட்டு ‘பேர் இல்லை’ என்று பதறாதீர்கள்.

பேரூராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் வார்டு பட்டியலுக்கும் அடிப்படை இந்தச் சட்டமன்றப் பட்டியல்தான். இங்கே பேர் விட்டால் அங்கேயும் விடும்.

படி 2: சரியான படிவத்தை எடுங்கள்

• படிவம் 6: முதன்முதலாகச் சேர்பவருக்கும், பேர் நீக்கப்பட்டுத் திரும்பச் சேர்பவருக்கும்.
• படிவம் 8: முகவரி மாற்றம், எழுத்துப் பிழைத் திருத்தம், தொலைந்த அட்டைக்குப் பதில் அட்டை, மாற்றுத்திறனாளி எனக் குறிப்பிடுதல்.
• படிவம் 7: இறந்தவர், இடம் மாறியவர் பெயரை நீக்க, அல்லது ஒரு பெயருக்கு ஆட்சேபம் சொல்ல.

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு 6-க்கும் 8-க்கும் இடையில்தான். துறையூர்ப் பக்கத்திலிருந்து எருமப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த மருமகளுக்குப் பிறந்த ஊரில் பேர் இருந்தால், அவருக்குத் தேவை படிவம் 8. தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் 2022 முதல் இதுதான் முறை. ‘புதுசா ஒண்ணு போட்டுடலாம்’ என்று 6-ஐக் கொடுத்தால் இரண்டு இடத்தில் பேர் வரும். அது சட்டப்படி கூடாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

படிவம் 6-உடன் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று வேண்டும். வயதுக்கு ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றில் ஒன்று. முகவரிக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், ஓராண்டாவது பயன்பாட்டில் உள்ள மின் இணைப்பின் ரசீது, பட்டா போன்றவற்றில் ஒன்று. நகலில் நீங்களே கையெழுத்திட்டால் போதும்.

வயது 18 ஆகியிருக்க வேண்டிய தகுதி நாள் முன்பு ஜனவரி 1 மட்டுமே. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு. 17 முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம்.

படி 3: உண்மையான கடைசி நாளைக் கணக்குப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 23(3) பிரிவுப்படி, வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்ததும் பட்டியல் உறைந்துவிடும். தேர்தல் முடியும்வரை சேர்க்கை, நீக்கம், இடமாற்றம் எதுவும் கிடையாது. ஆனால் மனுத் தாக்கலின் கடைசி நாளன்று விண்ணப்பம் கொடுத்தாலும் ஆகாது. வந்த விண்ணப்பத்தை அலுவலகத்தில் பட்டியலிட்டு, யாராவது ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் விட வேண்டும். பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். பிறகுதான் உத்தரவு. அதனால் மனுத் தாக்கல் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் நடைமுறை.

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். தேதி அறிவிப்பு மார்ச் 16. மனுத் தாக்கல் கடைசி நாள் மார்ச் 27. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மார்ச் 27-லிருந்து பத்து நாள் பின்னால் எண்ணினால் மார்ச் 17. டி.வி.யில் தேதி கேட்டபின் கிடைத்தது ஒரே நாள்! ‘இன்னும் ஒரு மாசம் இருக்கே’ என்று ஏப்ரல் 19-ஐ வைத்துக் கணக்குப் போட்டவர் ஓட்டை இழந்தார்.

கடைசி நாளைத் தாண்டிக் கொடுத்த விண்ணப்பம் குப்பைக்குப் போகாது. வாங்கி வைத்துத் தேர்தல் முடிந்தபின் எடுப்பார்கள். அது அடுத்த தேர்தலுக்குத்தான் உதவும்.

படி 4: கொடுத்ததோடு விடாதீர்கள்

இணையத்தில் கொடுத்தால் ஒரு குறிப்பு எண் வரும், எழுதி வையுங்கள். தாளில் கொடுத்தால் படிவத்தின் அடியிலுள்ள ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்குங்கள். பி.எல்.ஓ. வரும்போது வீடு பூட்டியிருந்தால் சிக்கல். அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவை எதிர்த்து 15 நாளுக்குள் மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் சரிப்படவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

படி 5: வண்டியில் போகிறவர்கள் கூடுதல் கவனம் வையுங்கள்

நாமக்கல் பக்கத்தில் லாரியோ ரிக் வண்டியோ ஏறி மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருப்பவர் இல்லாத தெரு அபூர்வம். கணக்கெடுக்க வருபவர் கண்ணுக்கு அவர் ‘வீட்டில் இல்லாதவர்’. அப்படிப்பட்டவர்கள், இடம் மாறியவர்கள், இறந்தவர்கள் ஆகியோரை ஏ.எஸ்.டி. பட்டியல் என்று தனியாக எழுதி பூத்துக்கு அனுப்புவார்கள்.

அதில் உங்கள் பேர் இருந்தாலும் ஓட்டுரிமை போய்விடவில்லை. முதன்மைப் பட்டியலில் பேர் இருந்தால் ஓட்டுப் போடலாம். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் உங்கள் அடையாள ஆவணத்தைத் தானே சரிபார்ப்பார். கையெழுத்தோடு கைரேகையும் வாங்குவார். ஓர் உறுதிமொழியும் எழுதித் தர வேண்டியிருக்கும். கோபப்படாமல் செய்து கொடுங்கள்.

லாரி ஓட்டுநர் என்பதற்காகத் தபால் ஓட்டு கிடையாது. ராணுவத்தினர், தேர்தல் பணியாளர், ஆணையம் அறிவிக்கும் அத்தியாவசியப் பணியாளர், 85 வயது கடந்தவர், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள மாற்றுத்திறனாளி போன்றோருக்குத்தான் அது. கடைசி இரு வகையினர் வீட்டிலிருந்தே ஓட்டளிக்க விரும்பினால், தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் 12டி படிவம் கொடுக்க வேண்டும்.

படி 6: ஓட்டு நாளில் கையில் என்ன இருக்க வேண்டும்

வாக்காளர் அட்டை இருந்தால் அதுவே போதும். பழைய முகவரியில் வாங்கிய அட்டையானாலும், இந்த பூத் லிஸ்டில் பேர் இருந்தால் செல்லும். சின்ன எழுத்துப் பிழைக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. அட்டை இல்லை என்றால் ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், படமுள்ள ஓய்வூதிய ஆவணம் போன்றவற்றில் ஒன்று.

இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ரேஷன் கார்டு இந்த வரிசையில் இல்லை. பூத் சிலிப்பும் 2019 முதல் அடையாள ஆவணம் அல்ல. வரிசை எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் அது.

படி 7: உங்கள் ஓட்டை யாரோ போட்டிருந்தால்

‘உங்க ஓட்டு ஏற்கெனவே விழுந்துடுச்சு’ என்றால் திரும்பி வராதீர்கள். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி என்ற விதி உங்களுக்கானது. 2018-ல் விஜய் நடித்த ‘சர்கார்’ படம் வந்தபின் ஊரெல்லாம் தெரிந்த விதி அதுதான்.

1. தலைமை அலுவலரிடம் 49-பி விதிப்படி டெண்டர் ஓட்டு வேண்டும் என்று கேளுங்கள்.
2. நீங்கள்தான் அந்த ஆள் என்று உறுதிப்படுத்த அவர் கேள்விகள் கேட்பார். ஆவணத்தைக் காட்டிப் பதில் சொல்லுங்கள்.
3. 17பி படிவத்தில் கையெழுத்தோ கைரேகையோ வையுங்கள்.
4. தாளில் அச்சிட்ட வாக்குச்சீட்டு ஒன்று தருவார்கள். ஒவ்வொரு பூத்துக்கும் இதற்கென்றே 20 சீட்டுகள் அனுப்பப்படுகின்றன. எந்திரத்தில் ஓட்டுப் போட முடியாது.
5. மறைவிடத்துக்குப் போய் முத்திரை குத்தி, மடித்து, தலைமை அலுவலரிடமே கொடுங்கள். அவர் தனி உறையில் வைப்பார்.

இந்த உறையை வாக்கு எண்ணிக்கை நாளில் பிரிக்க மாட்டார்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டுமே அந்த ஓட்டு கணக்குக்கு வரும்.

அப்படியானால் எதற்கு மெனக்கெட வேண்டும்? 2008 ராஜஸ்தான் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் பா.ஜ.க.வின் கல்யாண் சிங் சௌகான் 62,216 ஓட்டு, காங்கிரஸின் சி.பி. ஜோஷி 62,215 ஓட்டு. ஒரே ஓட்டு வித்தியாசம். டெண்டர் ஓட்டுகளைப் பற்றிய வழக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அன்று பூத்திலேயே சண்டை போட்டுவிட்டு வீடு திரும்பியவரின் ஓட்டு எந்த நீதிமன்றத்திலும் இல்லை. உறையில் வைத்தவரின் ஓட்டு இருந்தது.

படி 8: ‘இவர் அவர் இல்லை’ என்று ஏஜென்ட் தடுத்தால்

இது சேலஞ்ச் ஓட்டு, விதி 49-ஜே. ஒரு வாக்காளரின் அடையாளத்தைச் சந்தேகிக்கும் பூத் ஏஜென்ட், தலைமை அலுவலரிடம் 2 ரூபாய் கட்டிச் சவால் விடலாம். அங்கேயே விசாரணை நடக்கும். சவால் நிரூபணமாகவில்லை என்றால் நீங்கள் எந்திரத்தில் ஓட்டுப் போடலாம். அது எல்லா ஓட்டையும் போலவே எண்ணப்படும். நிரூபணமானால் வந்தவர் போலீஸிடம் ஒப்படைக்கப்படுவார்.

தேர்தல்தோறும் வரும் வாட்ஸ்அப் செய்திக்குப் பதில்

‘லிஸ்டில் பேர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 49-ஏ விதிப்படி சேலஞ்ச் ஓட்டுப் போடலாம். டெண்டர் ஓட்டு 14 சதவீதம் தாண்டினால் மறு வாக்குப்பதிவு’ என்று ஒரு செய்தி சுற்றும். இரண்டும் பொய். 49-ஏ என்பது வாக்குப்பதிவு எந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றிய விதி. சேலஞ்ச் ஓட்டும் டெண்டர் ஓட்டும் லிஸ்டில் பேர் இருப்பவருக்கு மட்டுமே. 14 சதவீத விதி எங்கும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்கச் செய்திகளும் ஒரு காரணமாகலாம். அங்கே 2002-ல் வந்த சட்டப்படி, லிஸ்டில் பேர் இல்லாதவரும் தற்காலிக வாக்குச்சீட்டு வாங்கிப் போடலாம். பிறகு அதிகாரிகள் சரிபார்த்து, தகுதி இருந்தால் எண்ணுவார்கள். சில மாநிலங்களில் ஓட்டு நாளிலேயே பேர் பதியலாம். நம்மிடம் அந்தச் சலுகை இல்லாததால்தான் வேலை முழுவதும் முன்கூட்டியே முடிய வேண்டியிருக்கிறது.

சுவரில் ஒட்ட ஒரு சுருக்கம்

• ஆண்டுக்கு ஒரு முறையாவது: வீட்டிலுள்ள எல்லோர் பேரையும் லிஸ்டில் பாருங்கள்.
• வீடு மாறினால், மருமகள் வந்தால்: அந்த மாதமே படிவம் 8.
• பிள்ளைக்கு 17 முடிந்தால்: படிவம் 6.
• தேர்தல் தேதி அறிவித்த அன்று: மனுத் தாக்கல் கடைசி நாளிலிருந்து பத்து நாள் பின்னால் எண்ணிப் பாருங்கள். விடுபட்ட பேர் இருந்தால் அன்று இரவே இணையத்தில் போடுங்கள்.
• ஓட்டு நாள்: லிஸ்டில் பேர் இருந்தும் ஓட்டு பறிபோயிருந்தால் மட்டும் 49-பி கேளுங்கள்.